எண்ணூர் முதல் பழவேற்காடு வரை: அந்தக் கரைக்குச் சோறு போடுவது எது?

மீஞ்சூர் பக்கம் உறவினருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை ஏரி, கடல், பறவைகள், டச்சுக்காரர்கள் கல்லறை என்று எல்லாமே இருக்கிறது. இருந்தும் மக்கள் கஷ்டப்படுகிறார்கள். பாரம்பரியச் சுற்றுலா, இறால் பண்ணை, துறைமுக வேலை, இந்த மூன்றில் எதை நம்பினால் அவர்கள் கரையேறுவார்கள்? எங்கள் நிலத்தில் இறால் குட்டை போடலாமா?"

நிலத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில்: மூன்றுமே இரண்டாம் பட்சம். அந்தக் கரையில் பல தலைமுறையாக ஒரு பொருளாதாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மூலதனம் நிலம் இல்லை. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறுவதும் இறங்குவதும்தான் மூலதனம். எந்தப் பத்திரத்திலும் பதிவாகாத சொத்து என்பதால் அது குறைந்துகொண்டே போவதும் யார் கணக்கிலும் ஏறவில்லை.

இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையிடுவது கடலில். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சாக இருக்கும்போதே ஏற்றத்தோடு முகத்துவாரத்தில் நுழையும். முழு உப்பும் இல்லாத, நல்ல தண்ணீரும் இல்லாத அந்தக் கலப்பு நீரில், சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கு நடுவிலும் சில மாதம் வளரும். பிறகு வற்றத்தோடு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், கடலுக்குத் திரும்பும். அந்த வழியில்தான் வலை கட்டுவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பலமாக இருக்கும், வலையில் விழுவதும் அதிகம். தப்பித்துக் கடலுக்குப் போனது வளர்ந்து, காசிமேட்டு விசைப்படகு வலையில் விழும். ஆக, எண்ணூர் ஆற்றில் சேறு சாம்பலாக மாறினால் அந்த நஷ்டம் காசிமேட்டு ஏலக்கூடம் வரை போய்ச் சேரும். இறால் மட்டுமா? மடவை, கெளுத்தி, கல் நண்டு எல்லாமே இந்தக் கலப்பு நீரை நம்பித்தான் இருக்கின்றன.

இந்தக் கலப்பு நீருக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒன்று கடல் பக்கம், இன்னொன்று ஆற்றின் பக்கம். எண்ணூருக்குக் கொசஸ்தலையாறு, பழவேற்காட்டுக்கு ஆரணியாறும் காளங்கியும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அகலப்படுத்தும். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து அடைக்கும். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு கொசஸ்தலையாற்றுத் தண்ணீரில் பெரும் பங்கு சென்னையின் குடிநீருக்குத் திரும்பியது. அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான். ஆனால் நகரம் எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஆற்றின் கடைமடைக்கு என்ன கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது, பாரம்பரியம். பழவேற்காடு என்றதும் எல்லாரும் கல்லறையைப் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே இருக்கும் பெரிய பாரம்பரியச் சின்னம் கல்லால் ஆனது இல்லை. அது 'பாடு' முறை.

ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் பலமாக இருக்கும் இடங்களில்தான் சுத்து வலைக்கு இறால் நன்றாக விழும். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் தினமும் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொண்டன. ஊரில் தலைக்கட்டாகக் கணக்கில் சேர்ந்தவருக்குப் பாட்டில் உரிமை. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். ஊர்ப் பஞ்சாயத்துதான் காவல். எண்ணூர் ஆற்றிலும் இதே வகையான பாடுகள் உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வருமானத்தைச் சமமாகப் பிரிக்க முயன்றால் சண்டைதான் வரும். வாய்ப்பைச் சமமாகப் பிரித்தால் வராது, ஏனென்றால் வலையில் விழுவது அவரவர் திறமையும் அன்றைய நீரோட்டமும். அதோடு, ஒரே இடத்தில் எத்தனை வலை கட்டலாம் என்பதற்கு வரம்பு இருப்பதால் கடலுக்குத் திரும்பும் இறாலில் ஒரு பங்கு தப்பிக்கிறது. மீன்வளத் துறை என்று ஒன்று வருவதற்கு முன்பே எழுதாமல் நடந்த நிர்வாகம் இது.

இதைத் தேனும் பாலும் ஓடிய காலமாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. பாட்டு உரிமை, மீன்பிடிச் சாதியான பட்டினவர் ஊர்களுக்குள்ளேயே சுற்றி வந்தது. ஏரியை நம்பிய மற்றவர்களுக்கு, குறிப்பாக இருளர்களுக்கும் தலித் குடும்பங்களுக்கும், ஓரத்துச் சேறும் ஆழமில்லாத தண்ணீரும்தான் மிச்சம். இருளர் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து, பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைக் காட்டூர், எண்ணூர் பக்கம் பார்க்கலாம். வலை இல்லை, படகு இல்லை, டீசல் செலவு இல்லை. விரல்களுக்கு இருக்கும் அறிவு ஒன்றுதான் முதல். ஏற்றுமதியால் இறால் விலை ஏறியதும், பாட்டில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று மற்ற ஊர்கள் கேட்டன, மோதல்களும் நடந்தன. கேட்டதில் நியாயம் இருக்கிறது. முறையை உடைக்காமல் அதில் யாரைச் சேர்ப்பது என்பது இன்றும் தீராத வழக்கு.

அப்புறம் உப்பு. மழைக்கு இறால் என்றால் வெயிலுக்கு உப்பு. அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி பக்கமெல்லாம் உப்பளங்கள் விரிந்து கிடந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் வெட்டிய கால்வாய் 1806-ல் திறந்தது. இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கால்வாய் எதற்குப் பயன்படும் என்பது தானாகவே புரியும். பின்னால் அது வடக்கே நீண்டது, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகவும் வெட்டினார்கள், அப்போதைய கவர்னர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. அதில் வந்தவை உப்பு, ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகு, சவுக்குக் கட்டை, கிளிஞ்சல்.

கிளிஞ்சலைப் பற்றி இரண்டு வரி. ஏரியின் அடியில் படிந்திருந்த ஓடுகளை வாரி, காளவாயில் சுட்டு, சுண்ணாம்பாக்கினார்கள். பழைய சென்னைக் கட்டடங்களின் பளபளப்பான சுவர்ப்பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஆனதுதான். நகரத்தின் அடுப்பில் எரிந்ததும், குழம்பில் விழுந்ததும், சுவரில் பூசியதும் பெரும்பாலும் இந்த வடகரையிலிருந்து படகேறி வந்தவை.

துணியும் இருந்தது. டச்சுக்காரர்கள் 1600-களின் தொடக்கத்தில் வந்து, விஜயநகர அரசிடம் அனுமதி வாங்கி, 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது துணிக்காகத்தான். பழவேற்காட்டுச் சாயத் துணியைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி இந்தக் கடற்கரையிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. அதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள், வெடிமருந்தும் இங்கே தயாரானது. கல்லறையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் நுழைவாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டுவார்கள், அடிமை வியாபாரத்தைச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 1690 வாக்கில் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிய பிறகு ஊர் மெல்ல மங்கியது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடும் அகழியும்தான். கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஊருக்குள் பழைய பள்ளிவாசலில் சூரிய கடிகாரமும், பழைய பெருமாள் கோயிலும் உண்டு. முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் சாயம் ஏற்றிக் கூடை, பெட்டி முடைகிறார்கள். அந்த வேலையின் சுத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் முடைகிறவருக்குக் கிடைக்கும் கூலியைக் கேட்டால் சங்கடமாக இருக்கும்.

சரி, எங்கே உடைந்தது?

தொடக்கம் எண்ணூரில் இல்லை, சென்னைத் துறைமுகத்தில். நம் கடற்கரையில் மணல் வருஷம் முழுக்க நகர்ந்தாலும் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1876 வாக்கில் தொடங்கிய துறைமுகச் சுவர் அந்த மணலைத் தெற்கே நிறுத்தியது. அதனால் கிடைத்தது மெரினா. அதனால் பறிபோனது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரை. கருங்கல் கொட்டிக் கொட்டித்தான் அங்கே சாலை நிற்கிறது. கரை போனால் கட்டுமரம் ஏற்ற இடமில்லை, வலை காயப்போட இடமில்லை, கருவாடு உலர்த்த இடமில்லை. தெற்கே மாலை நேரக் காற்றுக்காக உட்காரும் மணல், வடக்கே ஒரு குப்பத்தின் முற்றமாக இருந்திருக்க வேண்டியது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்) வந்தது, அப்புறம் காட்டுப்பள்ளி. அதே கதை இன்னும் வடக்கே நகர்ந்தது. கடலுக்கும் பழவேற்காட்டு நீர்ப்பரப்புக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. அது அரிக்கப்பட்டு அறுந்தால் ஏரி ஏரியாக இருக்காது என்பதுதான் அங்குள்ளவர்களின் பெரிய பயம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தை அவர்கள் எதிர்ப்பதற்கு முதல் காரணமும் அதுதான்.

இரண்டாவது, சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகின்றன. குழாய் கசிந்து கசிந்து ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. ஆள் ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர் என்று காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைகுப்பம் ஆட்கள் சொல்வதை வற்றத்தின்போது போனால் கண்ணால் பார்க்கலாம். சாம்பல் சேற்றில் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் இறாலுக்குத் தீனி இல்லை. குளிர்விக்க எடுத்த தண்ணீர் சூடாகத் திரும்புவது இன்னொரு தொல்லை. மின்சாரம் மாநிலம் முழுவதற்கும், சாம்பல் மட்டும் ஆறேழு குப்பங்களுக்கு.

எண்ணெயைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கி வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாவற்றிலும் ஒட்டியது. படகுக்கும் வலைக்கும் நிவாரணம் கணக்கிடலாம். 'எண்ணூர் மீனா, வேண்டாம்' என்று வாங்க வந்தவர் திரும்பிப் போன மாதங்களுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

செய்தியில் அதிகம் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு கருப்பு ஆழி வகை. கப்பல்கள் எடைக்காக ஏற்றி வந்து இறக்கும் தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். எண்ணூர் ஆற்றின் அடியை இது கம்பளமாக மூடி, பழவேற்காடு நோக்கியும் பரவியிருக்கிறது. அதன் கீழே மஞ்சள் மட்டி மூச்சு முட்டிச் சாகிறது, இறால் சேற்றில் புதைய முடியவில்லை. கையால் துழாவிப் பிடிக்கிறவர்களுக்கு விரல் கிழிகிறது. சாம்பலையாவது தோண்டி எடுக்கலாம், இது முட்டையிட்டுப் பெருகும் ஜீவன். மீனவர்கள் புகார் கொடுத்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போனது.

இனி தம்பியின் மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

துறைமுக வேலை: உண்மையிலேயே வேலை இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் கன்டெய்னர் துறைமுகத்தில் இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. உள்ளூர்ப் பையன்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் காவல் வேலை, ஓட்டுநர் வேலை. அப்பா ஆற்றில் தன் நேரத்துக்குத் தானே முதலாளி, பையன் கேட்டில் நின்று பன்னிரண்டு மணி நேரம் லாரி நம்பர் எழுதுகிறான். சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது என்பதால் அதையும் விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அம்மாக்களின் நிலைதான் மோசம். மீன் விற்ற பெண்ணுக்குத் துறைமுகத்தில் இடமே கிடையாது.

சுற்றுலா: ஊறுகாய் மாதிரி, சோறு ஆகாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு படகு சவாரிக்குத் தடை வந்தது. உரிமம் கொடுத்து, உயிர்க்கவச உடுப்பு, ஆள் வரம்பு என்று ஒழுங்குபடுத்தினால் மீனவர்களுக்குக் கூடுதல் வருமானம் நிச்சயம் உண்டு. பூநாரைகள் வருவது மழைக்குப் பிந்திய சில மாதங்கள்தான். வருஷம் முழுக்க ஒரு குடும்பத்தை அது நடத்தாது. ரிசார்ட் வந்தாலோ முதலில் வேலி வரும், வேலிக்கு அந்தப் பக்கம் வலை காயப்போட்ட இடம் மாட்டிக்கொள்ளும்.

இறால் பண்ணை: 1990-களில் பழவேற்காட்டைச் சுற்றிக் குட்டைகள் முளைத்தன. குட்டைக்கழிவு ஏரியில் இறங்கியது, பக்கத்து வயலும் கிணறும் உப்பாகின, வெள்ளைப்புள்ளி நோய் வந்ததும் பலர் குட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சிலிகா ஏரியையும் பழவேற்காட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் தொழில் கூடாது என்றது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன, விதிகளும் மாறின.

இவற்றைவிடச் செலவு குறைவான, பலன் உடனே தெரிகிற வேலை ஆற்றின் சாம்பலை அள்ளுவதும், முகத்துவாரத்தைத் திறந்தே வைப்பதும்தான். பழவேற்காட்டில் கோடையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் குப்பத்துக்காரர்களே வரி போட்டு, மண்வெட்டியோடு போய் வெட்டிவிட்ட வருஷங்கள் உண்டு. வெட்டிய சில நாளிலேயே மீன் ஏறும். தூண்டில் வளைவுகள் (கடலுக்குள் நீளும் கற்சுவர்கள்) போட்டு நிரந்தரமாகத் திறக்க அரசும் இறங்கியிருக்கிறது. இதில் ஒரு கவலையும் இருக்கிறது: அந்தக் கல்லும் மணலைத் தடுக்கும், வடக்கே இருக்கும் குப்பத்துக்கு என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நீர்ப்பரப்பால் மேட்டு நகரத்துக்கும் லாபம் உண்டு. கொசஸ்தலையாற்று வெள்ளம் வடிவது இந்த வழியாகத்தான். உப்பளத்தையும் சதுப்பையும் மேடாக்கினால் அந்தத் தண்ணீர் மணலிக்கும் மீஞ்சூருக்கும்தான் திரும்பும்.

தம்பியின் நிலத்துக்கு: குட்டை வெட்டுவதற்கு முன் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறகு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில், அந்த எண்ணுக்கு இன்றைய விதிப்படி பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக யார் சொன்னாலும் பணம் போடாதீர்கள். பக்கத்துக் கிணறுகளின் உப்பையும் இப்போதே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குச் சண்டை வந்தால் உதவும். பதிவு கிடைக்காவிட்டால் ஓடு கெட்டிப்படாத நண்டை வாங்கிச் சில வாரம் கூண்டில் தீனி போட்டு விற்கும் தொழிலை விசாரியுங்கள். பழவேற்காட்டுப் பக்கம் மகளிர் குழுக்கள் இதைச் செய்திருக்கின்றன. முதல் குறைவு, நிலத்தை உப்பாக்க வேண்டியதில்லை. ஆனால் நண்டு வாங்கக் காலையில் கரைக்குப் போகிறவர் உங்கள் வீட்டு ஆளாக இருக்க வேண்டும், தரகரை நம்பி இறங்கினால் லாபம் அவர் கையோடு போய்விடும்.